இரண்டாவது கிணறு

சான் ஹொசே,
நவம்பர் 14, 2004

அன்புள்ள எவேலியோ அண்ணனுக்கு,

நீயும் பெர்த்தா அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீ சுகமாக இல்லை என்பது நேற்றே எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ் ஓட்டும் காஸ்தூலோ சொன்னார். அறுவடைக்கு முன்னால் ஆலையில் எல்லோருக்கும் இரத்தம் எடுத்தார்களாம். உனக்குக் கிரியாட்டினின் நான்கைத் தாண்டிவிட்டதாம். பதினெட்டு வருஷம் கரும்புக்காட்டில் கங்காணியாக நின்றவனை அன்று மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

சிறுநீரகம் கெட்டுப்போனதைக் கூடப்பிறந்தவளுக்கு இரண்டு வரி எழுத உனக்குக் கை வரவில்லையா? என் புருஷன் இலாரியோவைக் கொண்டுபோனதும் இதே நோய்தான். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தவள் நான். கால் நரம்பு எப்போது சுண்டி இழுக்கும், வாயில் எப்போது இரும்பு ருசி வரும் என்று உன் வைத்தியரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். பீன்ஸைத் தொடாதே. வாழைக்காயும் வேண்டாம். அண்ணி பாவம் பார்த்து உப்புப் போட்டால் தட்டைத் தள்ளி வை.

காஸ்தூலோவிடம் ஒரு சாக்கு கொடுத்தனுப்புகிறேன். உனக்கு இரண்டு சட்டை, அண்ணிக்கு ஒரு ஜோடி செருப்பு, அடியில் நாலு புத்தகம். நான் வேலை செய்யும் பல் டாக்டர் வீட்டில் அலமாரியைக் காலி செய்தார்கள். குப்பையில் போடச் சொன்னார் வீட்டம்மா. எனக்கு மனசு வரவில்லை. நீ எழுத்துக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து ஆட்களின் பெயர்ப் பட்டியலைத் தவிர வேறெதையும் படித்ததில்லை என்று தெரியும். இருந்தாலும் முற்றத்தில் உட்கார்ந்து எரிமலைப் புகையை வெறித்துக்கொண்டிருப்பதைவிட இது மேல்.

காஸ்தூலோ திரும்பி வரும்போது உன் கடிதம் அவர் பையில் இருக்க வேண்டும்.

உன் தங்கை,
தொமித்திலா


குவாயபால்,
டிசம்பர் 5, 2004

அன்புத் தங்கை தொமித்திலாவுக்கு,

அந்நிய ஊரில் கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். நாங்கள் இருக்கிறோம். சட்டை அளவாக இருக்கிறது. செருப்பு பெர்த்தாவுக்குச் சற்றுப் பெரிது. பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போகிறாள்.

உனக்கு எழுதாததற்குக் கோபப்படாதே. என்ன எழுதுவது? ஆலை வாசலில் ஒரு பெண் சீட்டைக் கையில் கொடுத்தாள். "நாலு புள்ளி ஒண்ணு. அடுத்த ஆள் வாங்க" என்றாள். அவ்வளவுதான். இப்போது அறுவடை நடக்கிறது. விடிந்ததும் ஆட்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் வீட்டு முன்னால் போகின்றன. என் கூட்டத்து ஆட்கள் கையை ஆட்டுகிறார்கள். நான் உள்ளே போய்விடுகிறேன்.

புத்தகங்களில் ஒன்று பல் விளக்குவதைப் பற்றியது. ஆடிக்கொண்டிருந்த மேஜைக்கு அதை முட்டுக் கொடுத்தாகிவிட்டது. இரண்டில் எழுத்து மிகப் பொடி. நாலாவதற்கு அட்டையே இல்லை, பெயரும் தெரியவில்லை. அதைத்தான் தொட்டிருக்கிறேன். பாலைவனத்தில் கோவேறு கழுதைகள் மேல் உப்பு மூட்டை ஏற்றிப் போகிற ஒருவனின் கதை. ருஃபீனோ என்று பெயர். விரலை வைத்து, வாயால் சொல்லிச் சொல்லி, நாளைக்கு மூன்று பக்கம் போகிறேன். ரொட்டி தட்டிக்கொண்டே பெர்த்தாவும் கேட்கிறாள்.

ருஃபீனோவை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. சொன்ன நாளில் சரக்கைச் சேர்த்துவிடுவான். குடிக்க மாட்டான். மகள்மேல் உயிரையே வைத்திருப்பவன். ஆட்களிடம் அநாவசியமாகக் கத்த மாட்டான். வேலை தெரிந்த மனுஷனைப் பற்றிப் படித்தால் மனசுக்கு ஒரு தெம்பு வருகிறது.

குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

உன் அண்ணன்,
எவேலியோ


சான் ஹொசே,
ஜனவரி 2, 2005

அன்புள்ள அண்ணனுக்கு,

பிறந்திருக்கும் வருஷம் உன் இரத்தத்தைக் கொஞ்சம் சுத்தமாக்கட்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை, முதுகுவலியைத் தவிர.

உன் கடிதத்தை இஸ்திரி போட்டுக்கொண்டே யாமிலெத்துக்குப் படித்துக் காட்டினேன். இந்த வீட்டில் சமைப்பவள், எஸ்தெலி ஊர்க்காரி. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் கழுதைக்காரனைப் பிடித்துக்கொண்டாள். "உங்க அண்ணனைக் கேளுக்கா, அவன் பாலைவனத்தைத் தாண்டுனானா இல்லையா?" என்று தினமும் நச்சரிக்கிறாள். எனக்குப் படிக்க நேரம் இல்லை. நீ படித்துச் சுருக்கி எழுது. நாங்கள் இரண்டு பேரும் அடுக்களையில் உன் கதைக்காகக் காத்திருக்கிறோம்.

நீ புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பதை இலாரியோ பார்த்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பான். மார்ச்சில் அவனுக்கு மூன்றாவது வருஷ நினைவு நாள். என்னால் வர முடியாது. கல்லறையைச் சுற்றிப் புல் எடுத்து, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல். நீ குனிய வேண்டாம், வேறு ஆளை விட்டுச் செய்.

அண்ணிக்கு என் முத்தங்கள்.

தொமித்திலா


குவாயபால்,
ஜனவரி 29, 2005

அன்புத் தங்கைக்கு,

உன் முதுகுவலி தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்குக் காலில் வீக்கம். மற்றபடி பழையபடியேதான்.

யாமிலெத்துக்குக் கதை சொல்லு. ருஃபீனோவிடம் பதினாலு கழுதை. கூட ஓட்ட செலெதோனியோ என்று ஒருவன். நல்ல உழைப்பாளி, கல்யாணம் ஆனவன். வழியில் மூன்று கிணறுகள். முதல் கிணற்றுக்குப் போய்ச் சேரும்போதே செலெதோனியோவுக்கு உடம்பு சரியில்லை. தலை சுற்றுகிறது, கொஞ்சம் நிழலில் கிடந்துவிட்டு வருகிறேன் என்கிறான். ருஃபீனோ சூரியனைப் பார்க்கிறான், மூட்டைகளைப் பார்க்கிறான். "ரெண்டாவது கிணத்துல படுத்துக்கலாம், இப்ப நட" என்கிறான். அந்த இடத்தில் நான் சத்தமாக "சரியாச் சொன்னான்" என்றேன். இப்படி ஒருவன் படுத்தால் மற்றவனுக்கும் தலை சுற்றும். அது எனக்குத் தெரியாதா?

பெர்த்தா ரொட்டியைத் திருப்பிப் போட்டபடியே, "உங்களை மாதிரியே பேசுறானே அவன்" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னாள்.

அதற்கு மேல் படித்தேன். பிறகு எழுதுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். கடைசியாக வேலைக்குப் போன இரண்டு அறுவடைகளைப் பற்றி இலாரியோ உன்னிடம் ஏதாவது சொன்னானா? சும்மாதான் கேட்கிறேன்.

எவேலியோ


சான் ஹொசே,
பிப்ரவரி 20, 2005

அன்புள்ள அண்ணனுக்கு,

கால் வீக்கம் வடிந்ததா? படுக்கும்போது காலுக்கடியில் தலையணை வை.

இரண்டாவது கிணற்றில் என்ன ஆயிற்று? நீ பாதியில் விட்டுவிட்டாய். யாமிலெத் என் உயிரை எடுக்கிறாள். அந்தச் செலெதோனியோ படுத்தானா, தண்ணீர் குடித்தானா, எல்லாவற்றையும் எழுது.

இலாரியோவைப் பற்றி எதற்குக் கேட்கிறாய் என்று புரியவில்லை. வீட்டுக்கு வந்தால் அவன் வேலையைப் பற்றிப் பேச மாட்டான். கரி படிந்த முகத்தைக் கழுவிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிடுவான். ஒரே ஒரு தடவை சொன்னான், ஞாபகம் இருக்கிறது. "உங்க அண்ணன் என்னை நல்லாப் பாத்துக்கறாரு. காத்து வர்ற ஓரத்து வரிசையா எனக்குக் குடுக்கறாரு" என்றான். அதைக் கேட்டு நான் உனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

பதிலைத் தாமதிக்காதே.

தொமித்திலா


குவாயபால்,
மார்ச் 18, 2005

தங்கைக்கு,

நலமாக இரு. கல்லறையில் புல் எடுத்தாயிற்று, சுண்ணாம்பும் அடித்தாயிற்று. பெர்த்தா பூ வைத்தாள்.

எனக்கு ஆறு புள்ளி எட்டு. டயாலிசிஸுக்கு லெயோன் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்கிறார்கள். போகிறதாக இல்லை. இங்கிருந்து போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை.

அந்தப் புத்தகத்தை எலி தின்றுவிட்டது. பின்பாதி இல்லை. யாமிலெத்திடம் அப்படியே சொல்லிவிடு.

எவேலியோ


சான் ஹொசே,
ஏப்ரல் 10, 2005

அண்ணனுக்கு,

உன் உடம்பைக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். உன் பொய்யை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்குப் போன் போட்டு அண்ணியைக் கூப்பிடச் சொன்னேன். எலியாவது பூனையாவது என்கிறார் அண்ணி. நீ அதே புத்தகத்தை மூன்றாவது முறையாகப் படிக்கிறாயாம். ஆனால் வாய்விட்டுப் படிப்பதில்லையாம். பக்கத்தில் யாராவது வந்தால் மூடிவைக்கிறாயாம். சாப்பாட்டைத் தொடுவதில்லையாம். "அந்தப் பொஸ்தகத்தை அடுப்புல போட்டுடவா தொமித்திலா?" என்று அழுகிறார்.

நான் அனுப்பியதால்தான் இதெல்லாம் என்று எனக்கு உறுத்துகிறது. உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க மலையேறி வந்தாளே ஒரு பட்டணத்துப் பெண், அவள் படித்தால் மனுஷன் மேலே வருவான் என்றாள். நீ கீழே போகிறாய். அந்தக் கதையில் அப்படி என்ன இருக்கிறது? கல்லறையைச் சுத்தம் செய்ததை இரண்டே வரியில் எழுதுகிற அண்ணனை எனக்குத் தெரியாது. என்ன என்று சொல்லு.

தொமித்திலா


குவாயபால்,
மே 1, 2005

அன்புத் தங்கை தொமித்திலாவுக்கு,

நீ நல்லபடியாக இருக்க வேண்டும். இதை நின்றுகொண்டு படிக்காதே. யாமிலெத் பக்கத்தில் இல்லாதபோது உட்கார்ந்து படி.

எலி பொய்தான். புத்தகம் முழுசாக இருக்கிறது. இரண்டாவது கிணற்றுக்கு அவர்கள் போய்ச் சேரும்போது பொழுது நிறைய இருக்கிறது. செலெதோனியோ ஒன்றும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு ருஃபீனோவின் முகத்தைப் பார்க்கிறான். ருஃபீனோ "மூணாவது கிணத்துல பாத்துக்கலாம்" என்கிறான். செலெதோனியோ தொப்பியைப் போட்டுக்கொண்டு நடக்கிறான். அன்று சாயங்காலம் விழுந்து செத்துப்போகிறான். ருஃபீனோ அவனை ஒரு கழுதைமேல் கட்டிக்கொண்டு சொன்ன நாளில் ஊர் போய்ச் சேருகிறான். முதலாளி தோளில் தட்டிக்கொடுக்கிறார். கடைசிப் பக்கத்தில் ருஃபீனோ மகளோடு உட்கார்ந்து சூப் குடிக்கிறான், நல்ல பசியோடு. அவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. எழுதியவன் ஓர் இடத்தில்கூட அவனைத் திட்டவில்லை. நானே திட்ட வேண்டியிருந்தது. திட்ட வாயைத் திறந்தபோதுதான், அதுவரை நான் யாருக்குப் பரிந்து பேசிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

தொமித்திலா, தொண்ணூற்றொன்பது நவம்பரில் இலாரியோ இரத்தச் சோதனையில் தேறவில்லை.

ஆலை வாசலில் சீட்டை வைத்துக்கொண்டு நின்றான். "ஒண்ணு புள்ளி ஒன்பதாம் மச்சான். வேலை கிடையாதுங்கறாங்க" என்றான்.

"அதெல்லாம் ஒரு நோயா மாப்ளே? தொரிபியோதான் எல்லை தாண்டிப் போயிட்டானே, அவன் வேலை அட்டை என்கிட்ட கெடக்கு. அவன் பேருல வந்துடு" என்றேன்.

"தொமித்திலா கேட்டா?"

"தேறிட்டேன்னு சொல்லு. நானும் சொல்றேன்."

அன்று சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன். நீ காப்பி கொடுத்தாய். சோதனை எப்படி என்று கேட்டாய். "உன் புருஷனுக்கென்ன, எருது மாதிரி இருக்கான்" என்றேன். நீ சிரித்தாய்.

அவனுக்கும் வேலை வேண்டியிருந்தது, உண்மைதான். கெஞ்சினான் என்றுகூட நான் இத்தனை வருஷம் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கெஞ்சவில்லை. நான்தான் முதலில் சொன்னேன். என் கூட்டத்தில் அவனைப்போல வெட்டுகிறவன் இல்லை. அவன் இருந்தால் மற்றக் கங்காணிகளைவிட என் கூட்டம் முன்னால் நிற்கும். அவன் சரி என்றதும் எனக்கு என்ன இருந்தது தெரியுமா? சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைத்தான் இந்தப் புத்தகத்தில் பார்த்தேன்.

அப்போதே வீட்டில் இருந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பானோ என்னவோ. இரண்டு அறுவடை வெயிலில் நிறுத்தினேன். ஓரத்து வரிசையில் காற்று வருவதற்காக அவனை விடவில்லை. மேற்பார்வை அதிகாரி அந்த ஓரம்வரை நடந்துவர மாட்டார். அதனால் விட்டேன்.

படித்தால் மேலே வருவேன் என்றாளே அந்தப் பெண், அது என் விஷயத்தில் நடக்கவில்லை. நான் யார் என்று தெரிந்துகொண்டேன், அதற்குமேல் ஒன்றுமில்லை. படிக்காமல் இருந்திருந்தால் இந்த நோயோடு மட்டும் போயிருப்பேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வாயில்லை.

எவேலியோ


குவாயபால்,
ஜூலை 3, 2005

தங்கைக்கு,

உன் உடம்பு நன்றாக இருக்கிறது என்று காஸ்தூலோவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் நாலு தடவை வந்துபோய்விட்டார். ஒவ்வொரு தடவையும் பஸ் நிற்கிற இடம்வரை நடந்து போனேன். கடைசியாகப் போனபோது அவரே தூரத்திலிருந்து தலையை ஆட்டிவிட்டார், நான் வீணாக ரோட்டைத் தாண்ட வேண்டாம் என்று.

பதிலுக்காக எழுதவில்லை. நீ எழுதாததும் சரிதான். எனக்கு ஒன்பதுக்கு வந்துவிட்டது. உடம்பெல்லாம் அரிப்பு. கண் மங்குகிறது. ஒரு பக்கம் படிக்க ஒரு காலை ஆகிறது.

கடவுள் உன்னோடு இருக்கட்டும்.

எவேலியோ


சான் ஹொசே,
ஆகஸ்ட் 21, 2005

எவேலியோவுக்கு,

உன் உடம்பைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. மே மாதக் கடிதம் கிடைத்தது. ஜூலைக் கடிதமும் கிடைத்தது.

நீ எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். இலாரியோவுக்கு நோய் திடீரென்று வந்தது என்று நினைத்தேன். அதனால் காரணம் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை அவன் குடிக்கிற இரண்டு கோப்பை ரம்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். அந்த ஒன்பது மாதமும் அவனைக் கட்டிலில் வைத்துக்கொண்டே ஏசினேன். "குடிச்சுக் குடிச்சு நீயே கெடுத்துக்கிட்டே, என்னைத் தனியா விட்டுட்டுப் போறே" என்றேன். வாந்தியைத் துடைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். ஒரு நாள்கூட உன் பெயரைச் சொல்லவில்லை. நான் மெழுகுவர்த்தி ஏற்றிய அண்ணன் எனக்கு இல்லாமல் போகக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ. கடைசிவரை பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டு செத்தான்.

நான் ஏசியதை எங்கே போய்த் திருப்பி வாங்குவது?

நான் மன்னிக்கவில்லை. வரவும் மாட்டேன். ஆனால் ஒன்று வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை அவன் உன் கண் முன்னால் இருந்தான். எனக்குக் கிடைத்தவன் சாப்பிட்டுத் தூங்குகிறவன். பாதி புருஷன் உன்னிடம் இருக்கிறான். உனக்குத்தான் இப்போது கதை சொல்லத் தெரியுமே. அவனுடைய ஒரு நாளை எழுது. அவன் என்ன தின்றான், யாரோடு பேசினான், சிரித்தானா. எதையும் விடாதே. எனக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்று ஒன்றையும் மாற்றாதே.

தொமித்திலா


குவாயபால்,
செப்டம்பர் 11, 2005

தொமித்திலாவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு உரிமை இல்லை, இருந்தாலும் விசாரிக்கிறேன். கண் மங்கல், எழுத்து கோணலாக இருக்கும்.

இரண்டாயிரத்தொன்று பிப்ரவரி. கிழமை ஞாபகம் இல்லை. லாரியில் அவன் பின்பக்கம் உட்கார்ந்து வந்தான். நீ வாங்கிக் கொடுத்த நீலத் தொப்பி போட்டிருந்தான். பெயர் கூப்பிட்டேன். "தொரிபியோ" என்றதும் எப்போதும்போலப் பக்கத்தில் இருந்தவன் அவனை முழங்கையால் இடிக்க வேண்டியிருந்தது. பிறகு "இருக்கேன் இருக்கேன், ரெண்டு பேரும் இருக்கோம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முந்தின நாள் எரித்த காடு. தரை இன்னும் சுட்டது. அவன் வெட்டும்போது உடம்பில் எந்தப் பதற்றமும் இருக்காது. அடியில் ஒரு வீச்சு, நுனியில் ஒரு வீச்சு, இடது கையால் ஒதுக்கிப் போட்டுவிட்டு அடுத்தது. வெட்டிக்கொண்டே பக்கத்து வரிசை அகாப்பித்தோவிடம் பேசுவான். அன்று கோழி வளர்ப்பதைப் பற்றிப் பேசினான். நீ பொரிக்க வைத்த கோழி ஒன்று வாத்து முட்டைமேல் உட்கார்ந்துவிட்டதாம். "எங்க வீட்டுல எல்லாம் மாறித்தான் நடக்கும்" என்றான்.

ஒன்பது மணிக்குச் சாப்பிட்டார்கள். வாழையிலையில் நீ கட்டிக்கொடுத்த சோள ரொட்டி, பீன்ஸ், ஒரு துண்டுப் பாலாடைக்கட்டி. கட்டியில் பாதியை அகாப்பித்தோவுக்குக் கொடுத்தான். இலையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். எதற்கென்று தெரியாது. ஒவ்வொரு நாளும் அப்படித்தான் செய்வான், நான் கேட்டதில்லை.

பத்தரைக்கு மேல் வெயில் ஏறியது. தண்ணீர்ப் பீப்பாய் காட்டின் அந்தக் கோடியில் இருந்தது. அவன் இரண்டு தடவை அந்தப் பக்கம் பார்த்தான். அவன் பார்ப்பதை நானும் பார்த்தேன். பதினோரு மணிக்கு வரிசை நடுவில் குனிந்து வாந்தி எடுத்தான். கத்தியை ஊன்றிக்கொண்டு என் பக்கம் வந்தான். காட்டில் அவன் என்னை "கங்காணி" என்றுதான் கூப்பிடுவான், மற்றவர்கள் எதிரில் உறவு சொல்ல மாட்டான். அன்றைக்கு "மச்சான்" என்றான்.

"மச்சான், கண்ணு இருட்டுது. கொஞ்சம் நெழல்ல குந்திக்கட்டுமா?"

மற்ற ஆட்கள் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் சொன்னதை நீ கேட்டபடியே மாற்றாமல் எழுதுகிறேன்.

"இந்த வரிசையை முடிச்சுட்டுக் குந்து, தொரிபியோ" என்றேன்.

பெயரைக்கூட நான் அவனுக்கு விடவில்லை.

அவன் ஊன்றியிருந்த கத்தியைத் தூக்கிக்கொண்டான். பிறகு போய் முடித்தான். அதற்கப்புறம் இன்னொரு வரிசையும் வெட்டினான். உட்காரவே இல்லை. லாரியில் திரும்பும்போது அகாப்பித்தோவின் தோளில் சாய்ந்து தூங்கினான். உன் வீட்டுத் திருப்பத்தில் இறங்கும்போது தொப்பியால் முகத்தில் இருந்த கரியைத் துடைத்துக்கொண்டான், நீ பார்ப்பதற்கு முன்னால். "நாளைக்குப் பாப்போம் மச்சான்" என்றான்.

இதுதான் அந்த நாள்.

எவேலியோ


சான் ஹொசே,
செப்டம்பர் 25, 2005

கிடைத்தது. இன்னொரு நாள் எழுது. ஒன்றுமே நடக்காத நாளாக இருந்தாலும் சரி.

தொமித்திலா


குவாயபால்,
அக்டோபர் 30, 2005

அன்புள்ள தொமித்திலாவுக்கு,

கடவுள் உனக்கு ஆறுதல் தரட்டும். நான் பெர்த்தா. வாயால் சொல்கிறேன், மருந்துக்கடை நொயெமி எழுதுகிறாள்.

உன் அண்ணன் இருபதாம் தேதி போய்விட்டார். நேற்று ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்தது. அன்று போனில் விஷயத்தை மட்டும் சொன்னேன். நான் வைத்துவிட்டேன், தப்பாக நினைக்காதே.

உன் துண்டுச் சீட்டு வந்த அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிவரச் சொன்னார். அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொடவே இல்லை. மூச்சு வாங்கும், எழுதுவார். படுப்பார், எழுந்து உட்கார்ந்து எழுதுவார். கடைசி நாலு நாள் கண் தெரியவில்லை. விரலை வரியில் வைக்கச் சொல்லி எழுதினார். "கொஞ்சம் படுங்களேன்" என்றேன். "இவங்க யாரையும் நான் படுக்க விடலையே பெர்த்தா" என்றார். அவர் விரலைப் பிடித்து அடுத்த வரியில் வைத்தேன்.

நொயெமி அதைப் படித்துக் காட்டினாள். முதல் பதினோரு பக்கமும் இலாரியோதான். நாலு நாட்களை எழுதியிருக்கிறார். அதற்கப்புறம் அவர் கூட்டத்தில் வெட்டி, இந்த நோயில் செத்துப்போன மற்றவர்கள். பதினெட்டுப் பேர். ஆளுக்கு ஒரு பக்கம். மேலே பெயர், கீழே அவன் செய்தது, பேசியது. அகாப்பித்தோ விசில் அடிக்கிற விதம். ஒருத்தன் மழை வந்தால் செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வது. சின்னச் சின்ன விஷயம்தான்.

ஏழு பேருக்குப் பெயர் மட்டும் இருக்கிறது. கீழே ஒன்றும் இல்லை. பக்கம் காலி. அவர் இருந்தபோதே ஒரு காலிப் பக்கத்தைக் காட்டிக் கேட்டேன். "ஆறு அறுவடை என் கண்ணு முன்னாடி நின்னிருக்கான். மூஞ்சிகூட வரலே பெர்த்தா" என்று அழுதார். அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

ஜெபத்துக்கு வந்த பெண்களுக்கு நோட்டைப் பற்றித் தெரிந்துவிட்டது. ஒவ்வொருத்தியாக என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என் வீட்டுக்காரரைப் பத்தி என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்கிறார்கள். காலிப் பக்கமாக இருக்கிற அந்த ஏழு பேரில் ஐந்து பேரின் பெண்டாட்டிகளும் அதில் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, தெலிஃபீனா, முக்காட்டுக்குப் புதுத் துணி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். படித்துக் காட்ட நொயெமிக்கு நேரம் வேண்டும், செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நோட்டை உனக்கு அனுப்புவதா, இங்கேயே வைப்பதா என்று நீ சொல். அதற்கு அவசரமில்லை. காஸ்தூலோ நாளைக் காலை உன் ஊருக்கு வருகிறார். திங்கட்கிழமை நீ மருந்துக்கடைக்குப் போன் செய்ய வேண்டும். அந்த ஐந்து பேருக்கு நான் என்ன சொல்வது என்று மட்டும் சொல்லிவிடு.

உன் அண்ணி,
பெர்த்தா